கடல் இல்லாத வேலூரில் கடற்பறவைகளின் வலசையைக் குறித்துவைப்பது எப்படி?

"தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்" என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்ப வந்ததும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்தில் "கடல் இல்லாத ஊரில் கடற்பறவை தேடுகிறவன்" என்று என்னைச் சேர்த்துவிட்டார்கள் நண்பர்கள். சிரித்துக்கொள்ளட்டும். ஐப்பசியில் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் ஏறி நின்று பாருங்கள். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, காற்றை எதிர்த்தபடி, வெள்ளையும் சாம்பலுமாகச் சில பறவைகள் போவதும் வருவதுமாக இருக்கும். கொக்கு என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். அவை ஆலாக்கள். கடற்காகமும் ஆலாவும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் சில இனங்கள் குளிர்காலத்தில் உள்நாட்டு ஏரிகளுக்கும் வரும்.

இந்தக் குடும்பத்தின் பயணக் கதைகளைக் கேட்டால் தலை சுற்றும். ஆர்க்டிக் ஆலா வடதுருவப் பக்கம் முட்டையிட்டுவிட்டு, தென்துருவக் கடல் வரை போய்த் திரும்பும். ஒன்றரை கிராம்கூட இல்லாத சிறு கருவியை அதன் காலில் கட்டி அனுப்பினார்கள். கிரீன்லாந்திலிருந்து கிளம்பியவை ஓராண்டில் சராசரியாக 70,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்திருந்தன என்று 2010-இல் தெரியவந்தது. அந்த ஆலா நம் ஏரிக்கு வராது. அதன் உறவுக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் என்று வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள், என்று போகிறார்கள் என்று வேலூரில் இருந்தபடியே எழுதிவைக்கலாம். பருவநிலை மாறிவரும் இந்தக் காலத்தில் அந்தக் குறிப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் சரியாக எழுதாவிட்டால் அது எதற்கும் உதவாது. நான் முதல் மூன்று வருடம் எழுதியதெல்லாம் அப்படித்தான் ஆயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஓர் ஏரி

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம் காவேரிப்பாக்கம் ஏரிக்கு ஓடுவது. ஓடத்தான் தோன்றும். பல்லவர் காலத்து ஏரி, மாநிலத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று, நிறைந்திருக்கும்போது எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. வாலாஜா பக்கத்தில் பாலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. அதே அணைக்கட்டுத் தண்ணீர் போகும் இன்னொரு ஏரி மகேந்திரவாடி. அங்கே குடைவரைக் கோயில் கல்வெட்டில் அந்த ஏரிக்கு மகேந்திர தடாகம் என்று பெயர் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பறவையோடு அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் உங்கள் ஏரியாக வைத்துக்கொள்ள இவை இரண்டும் வேண்டாம். வீட்டிலிருந்து சைக்கிளிலோ வண்டியிலோ இருபது நிமிடத்தில் போகக்கூடிய ஏரி எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் இருந்தால் கழிஞ்சூர் ஏரி, கிராமமாக இருந்தால் ஊர் ஏரி. தூரமான பெரிய ஏரிக்கு வருடத்தில் மூன்று முறை போவீர்கள். பக்கத்துச் சின்ன ஏரிக்கு வாரம் தவறாமல் போவீர்கள். வலசையைப் பொறுத்தவரை வாரம் தவறாமல் போகிறவருக்குத்தான் ஏதாவது தெரியவரும்.

ஏரியைத் தேர்ந்தெடுத்ததும் கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவைமேல் வெளிச்சம் நேராக விழும். ஏரி வெட்டியவர் நமக்காகவே யோசித்ததுபோல் அமைந்திருக்கிறது. மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மதகுத் தூண் தெரிகிற மாதிரி ஓர் இடமாக இருக்கட்டும். காரணம் அடுத்து வருகிறது.

பறவைக்கு முன் தண்ணீர்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் முதலில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள். அதற்கப்புறம் பறவை.

நான் முதல் மூன்று வருடம் பறவையை மட்டும்தான் எழுதினேன். முதல் வருடம் ஜனவரியில் சேற்றில் நூற்றுக்கணக்கில் கொசு உள்ளான், பொறி உள்ளான், நெடுங்கால் உள்ளான். அடுத்த வருடம் பாதி. மூன்றாவது வருடம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். எனக்கு ஒரே பதற்றம். சைபீரியாவில் பனி உருகுகிறது, அதனால் இங்கே பறவை குறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் வட்டத்தில் பேசியே விட்டேன். அப்புறம் ஒரு நாள் கரையில் அந்த ஊர் நீர்க்கட்டி, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிட்டு விடுகிறவர், வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, வாரா வாரம் வந்து கொக்கை எண்ணுறியே, யாரு சம்பளம் குடுக்கறாங்க?"

"யாரும் குடுக்கல ஐயா. இந்தச் சின்னச் சின்ன குருவிங்க ரெண்டு வருஷமா வரமாட்டேங்குதே, அதான் பார்க்கறேன்."

"எப்படி வரும்? ஏரி ரெண்டு வருஷமா கோடி போயிருக்கு. அதுங்களுக்கு சேறு வேணும். இப்ப எங்க சேறு கீது?"

அவ்வளவுதான் விஷயம். உள்ளான் போன்ற பறவைகளுக்குக் கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் வேண்டும். ஏரி நிரம்பிக் கோடி போகிற வருடம் அவை வேறு ஏரிக்குப் போய்விடும். அதே வருடம் ஆலாக்களுக்குக் கொண்டாட்டம், பரந்த தண்ணீர் கிடைக்கிறது. ஏரி வற்றுகிற வருடம் கதை தலைகீழ். வட ஆர்க்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இதில் ஒன்று ஏமாற்றினாலும் ஏரியின் நிலைமை மாறிவிடும். பாலாறே வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, 2021 நவம்பரில் மாதிரி ஒரு வருடம் கரைபுரண்டு ஓடுகிற ஆறு. இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர்க் கணக்கு இல்லாத பறவைக் கணக்கை வைத்து உலகப் பருவநிலையைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. என் மூன்று வருட நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் ஓர் இடத்திலும் தண்ணீர் மட்டம் இல்லை.

அளப்பதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். மதகுத் தூணில் எத்தனையாவது கல் வரை தண்ணீர் என்று பாருங்கள். அளவுகோல் பதித்திருந்தால் இன்னும் நல்லது. உபரித் தண்ணீர் வழியும் கலங்கலில் தண்ணீர் போகிறதா இல்லையா, ஓரத்தில் சேறு தெரிகிறதா, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது. நான்கு வார்த்தை போதும். மீன் குத்தகைக்காரர்கள் பறவையை விரட்ட வெடி போட்ட நாளாக இருந்தால் அதையும் எழுதுங்கள். அன்றைக்குப் பறவை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

என்ன வாங்குவது

எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் ஒன்று. பத்தாயிரம் ரூபாய்க்குள் உருப்படியானது கிடைக்கும். 20x, 30x என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து மலிவாக விற்பதை வாங்காதீர்கள். கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது, காசு தண்டம். ஒரு நோட்டு, பென்சில் (பேனா மழையில் கரையும்), தொப்பி, தண்ணீர் பாட்டில். கேமரா இப்போதைக்கு வேண்டாம். இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் படத்தின் பின்னால் போய்விடுவீர்கள். எல்லோருக்கும் நடப்பது, எனக்கும் நடந்தது.

நான்கு பறவை போதும்

புத்தகத்தில் ஆலாக்களின் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்து மனம் விட்டுப்போகும். வேலூருக்கு முதல் வருடம் நான்கு தெரிந்தால் போதும்.

மீசை ஆலா. உங்கள் ஏரியில் ஆலா என்று எதையாவது பார்த்தால் அது பெரும்பாலும் இதுதான். புறாவைவிடச் சற்றே சிறியதாகத் தெரியும், இறக்கை நீளம், வாலில் பிளவு அதிகம் இல்லை. குளிர்காலத்தில் வயிறு வெள்ளை, முதுகு வெளிர்சாம்பல், கண்ணுக்குப் பின்னால் கறுப்பு மை இழுத்ததுபோல் ஒரு பட்டை. தண்ணீருக்குள் பாயாது, பறந்தபடியே தாழ்ந்து அலகால் மேல்பரப்பில் தொட்டு எடுக்கும். காஷ்மீர், அசாம் பக்கத்து நீர்நிலைகளிலும் அதற்கு வடக்கே மத்திய ஆசியாவிலும் கூடு கட்டுகிற பறவை. சித்திரை நெருங்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள். வயிறு மெல்ல மெல்லக் கருஞ்சாம்பலாகும், தலையில் கறுப்புத் தொப்பி ஏறும், இரண்டுக்கும் நடுவில் கன்னம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைதான் மீசை. ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கல்யாண உடுப்பு போட்டுக்கொள்கிறது. என் நோட்டில் எனக்குப் பிடித்த பக்கங்கள் இந்த உடுப்பு மாறும் வாரங்கள்தான். பத்தில் எத்தனை மாறிவிட்டன என்று ஏப்ரலில் வாராவாரம் எழுதினால் அதுவே ஒரு நல்ல ஆவணம்.

ஆற்று ஆலா. அடர்மஞ்சள் அலகு, சிவப்புக் கால், நீண்ட பிளவு வால். தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிக்கும். இது வலசை வருவதல்ல, நம் நாட்டிலேயே இருப்பது. ஆற்று மணல்திட்டிலும் நீர்த்தேக்கத் தீவுகளிலும் தரையில் முட்டையிடும். மணல் அள்ளப்பட்ட ஆறுகளில் அதற்கு இடம் ஏது? உலக அளவில் அழிவாய்ப்பு உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பார்த்தால் இடத்தோடு குறித்துவையுங்கள். கூடு பார்த்தால் மட்டும் இடத்தை யாரிடமும் பரப்ப வேண்டாம்.

பருத்த அலகு ஆலா. பெயர் சொல்வதுபோல் அலகு கறுப்பாகக் கட்டையாக இருக்கும், உடம்பு முழுக்க வெளிர். ஏரியைவிட்டு ஓரத்துக் கழனிமேலும் பறந்து பூச்சி பிடிக்கும். மீசை ஆலாவைவிடப் பெரியது. அதிகம் பார்க்கமாட்டீர்கள்.

பழுப்புத்தலைக் கடற்காகம். இது நம் ஏரிக்கு வந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கலாம். பழவேற்காட்டிலும் சென்னைக் கடற்கரையிலும் குளிர்காலத்தில் கூட்டமாக இருக்கும். மத்திய ஆசியாவின் உயர்மட்டப் பீடபூமி ஏரிகளில் கூடு கட்டுவது. நம்மிடம் இருக்கும்போது தலை பழுப்பாக இருக்காது, வெள்ளையாகத்தான் இருக்கும், கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இறக்கை நுனிக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு இருக்கும், அலகு சிவந்து நுனி கறுத்திருக்கும்.

கடற்காகம் என்று நினைத்து நான் இருபது நிமிடம் விவரம் எழுதியது ஒரு முறை வெள்ளைப் பாலித்தீன் பையாக இருந்தது. காற்றடித்தால் அதுவும் நன்றாகத்தான் மிதக்கிறது.

நான்கும் கண்ணுக்குப் பழகியதும் உள்ளான்கள் பக்கம் போங்கள். அது வேறு கடல், அதில் இறங்கினால் கரையேறப் பல வருடம் ஆகும்.

எண்ணுவது

வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம், முப்பது நிமிடம். அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய விடாமல். முடிந்தால் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்குங்கள், சீக்கிரம் வருகிறவை அப்போதே வந்துவிடும். முதல் வருகைத் தேதி வேண்டுமென்றால், பறவை இல்லாத வாரங்களும் நோட்டில் இருக்க வேண்டும். "அக்டோபர் 6-இல் பார்த்தேன்" என்பது தனியாகப் பெரிய செய்தி அல்ல. "செப்டம்பர் 29-இல் போனேன், இல்லை, அக்டோபர் 6-இல் இருந்தது" என்றால்தான் அந்த ஏழு நாளுக்குள் வந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

கூட்டமாக இருந்தால் பத்து பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவை வைத்துக் கூட்டத்தின்மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். நெல் அளக்கும் படி மாதிரிதான். பறக்கும் ஆலாக்கள் திரும்பத் திரும்ப வரும் என்பதால் இரண்டு முறை எண்ணிவிடும் ஆபத்து உண்டு. ஏரியை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் பார்த்து முடியுங்கள். மூன்று முறை வீசி, அதிகமாக வந்த எண்ணை எழுதுங்கள்.

எழுதியதை நோட்டிலேயே பூட்டிவைக்காமல், பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் 2002-இல் தொடங்கியது, இலவசம். நம் நாட்டில் இதைப் பரவலாக்கியதில் பேர்ட் கவுண்ட் இந்தியா குழுவுக்குப் பெரிய பங்கு. இங்கே புதியவர்கள் தவறுகிற இடம் மூன்று. பட்டியலை முடிக்கும்போது, பார்த்த எல்லா இனத்தையும் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்கும். காக்கை, மைனா, மடையான் எல்லாம் சேர்த்திருந்தால்தான் ஆம் என்று சொல்ல வேண்டும். ஆலாவை மட்டும் போட்டுவிட்டு ஆம் என்று அழுத்தினால், அந்த ஏரியில் அன்று காக்கையே இல்லை என்று பதிவாகும். அடுத்தது, எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் குறி போடுவது. சோம்பலுக்கு வசதி, ஆய்வுக்குக் கால்வாசிப் பயன்தான். தோராயமாகவாவது ஓர் எண் போடுங்கள். மூன்றாவது, தண்ணீர் மட்டத்தைக் குறிப்புப் பகுதியில் எழுதாமல் விடுவது. தமிழிலேயே எழுதலாம்.

அரிதான பறவை என்று செயலி எச்சரித்தால் பயப்பட வேண்டாம். ஏன் அந்தப் பறவை என்று நினைத்தீர்கள் என இரண்டு வரி எழுதுங்கள். சரிபார்க்கும் தன்னார்வலர் கேள்வி கேட்டால் அது சண்டை அல்ல. பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி சொன்னது என்பதை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். ஆலாக்களின் விஷயத்தில் அதுவும் நம்மைப்போலத்தான் தடுமாறும்.

இப்படி ஊர் ஊராகச் சேர்ந்த பட்டியல்களிலிருந்துதான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 942 இனங்களை அலசினார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தரவு இருந்தது 338 இனங்களுக்குத்தான், அவற்றில் 60 சதவீதம் குறைந்துவருகின்றன. மற்ற அறுநூறு இனங்களுக்கு அப்படிச் சொல்லப் போதிய பழைய குறிப்பு இல்லை.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஜனவரியில் பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் போதும். கன்றுக்குட்டிக்கு வர்ணம் பூசிவிட்டு அப்படியே ஏரிக்கரைக்குப் போய் வரலாம்.

புயல் கரையேறிய மறுநாள்

வேலூர்க்காரருக்குக் கடற்பறவை என்ற சொல்லின் முழுப் பொருள் புரியக்கூடிய நாள் இது. நடுக்கடலிலேயே வாழ்நாளைக் கழித்து, முட்டையிட மட்டும் தீவுக்கு வரும் பறவைகள் உண்டு. புயலில் அகப்பட்டால் அவை காற்றோடு உள்நாட்டுக்குத் தள்ளப்பட்டு, கண்ணில் படும் முதல் தண்ணீரில் இறங்கும். முதுகு கறுத்து வயிறு வெளுத்த கடல் ஆலாக்கள், ஷியர்வாட்டர் போன்றவை உலகெங்கும் இப்படிக் கடலிலிருந்து வெகுதூரத்தில் கிடைத்திருக்கின்றன.

நமக்கும் புயலுக்கும் உறவு இல்லாமல் இல்லை. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த நிவர், வலுவிழந்து நம் பக்கமாகத்தான் நகர்ந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையேறிய மாண்டஸும் வடதமிழக உள்மாவட்டங்களுக்குள்தான் வந்து அடங்கியது. சென்னையிலிருந்து நாம் நூற்று நாற்பது கிலோமீட்டர்தான். காற்றில் அடித்துவரப்படும் பறவைக்கு அது ஒரு தூரமா?

புயலன்று வீட்டில் இருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. நிரம்பிய ஏரிக்கரை ஊறி இருக்கும், எங்கே உடையும் என்று தெரியாது. பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. மழை விட்டு, கரை பத்திரம் என்று ஊர்க்காரர்கள் சொன்னபிறகு, மறுநாள் காலையில் போங்கள். போய், வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீரில் தனியாக உட்கார்ந்திருக்கும் கறுப்பு-வெள்ளைப் பறவை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "புயலுக்கு மறுநாள் தேடினேன், இல்லை" என்று எழுதிவையுங்கள். நானும் இதுவரை அப்படி மட்டுமே எழுதியிருக்கிறேன்.

களைத்த பறவை கரையிலோ வீட்டு மாடியிலோ விழுந்து கிடந்தால் என்ன செய்வது? துண்டைப் போட்டு மெதுவாகத் தூக்கி, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்ச் செத்துவிடும். பாலும் சோறும் வேண்டவே வேண்டாம். அலகு கூராக இருக்கும், முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் ஒன்றுவிடாமல் குறித்து, படம் எடுங்கள். நம் நாட்டில் வளையம் இடும் பணியைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், கோடியக்கரையில் அவர்களுடைய மையம் இருக்கிறது. அந்த எண் அவர்களிடம் போய்ச் சேர்ந்தால் பறவை எங்கே, எப்போது வளையம் மாட்டிக்கொண்டது என்று தெரியவரும்.

பருவநிலையை எங்கே பொருத்துவது

இரண்டு மூன்று வருடக் குறிப்பு சேர்ந்ததும் கை துறுதுறுக்கும். முடிவு சொல்லத் தோன்றும். அதற்கு முன் உலகத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

தூரதேசம் போகும் பறவைகள் பலவற்றுக்குக் கிளம்பச் சொல்வது பகலின் நீளம். இந்தத் தேதிக்கு இவ்வளவு பகல் என்பது எந்த வருடமும் மாறுவதில்லை. ஆனால் போய்ச்சேரும் வடக்கில் பனி உருகுவதும் பூச்சி பொரிப்பதும் வெயிலைப் பொறுத்தது, அது முந்திக்கொண்டே வருகிறது. விருந்து தொடங்கியபின் போய்ச் சேர்ந்தால் குஞ்சுகளுக்கு மிச்சம் மீதிதான். சிவப்பு உள்ளான் இனம் ஒன்றில் இப்படிப் பசியில் வளர்ந்த குஞ்சுகள் உடம்பு சிறுத்து, அலகு குட்டையாக இருப்பதை 2016-இல் காட்டினார்கள். அந்தக் குட்டை அலகை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்கக் கடற்கரையில் மண்ணுக்குள் ஆழப் புதைந்த சிப்பியை எடுக்க முடியாமல் அவை அங்கே செத்தன. வடதுருவத்து வெயில் வெப்பமண்டலச் சேற்றில் வந்து கொன்றது.

கடலில் நடப்பது வேறு மாதிரி. மேல்தண்ணீர் சூடானால் அடியிலிருந்து சத்துள்ள குளிர்நீர் மேலே வருவது தடைப்படும், சிறுமீன்கள் ஆழத்துக்கோ வேறிடத்துக்கோ போய்விடும். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நிலைத்துநின்ற வெப்ப அலையில், அலாஸ்காவின் முர் என்ற கடற்பறவைகளில் ஏறத்தாழ 40 லட்சம் பட்டினியால் செத்தன. அங்கிருந்தவற்றில் சரிபாதி. நம் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பும் 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. அந்த ஒரு டிகிரி சிறிதாகத் தோன்றும். புயலுக்குத் தீனி அதுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் ஏரிக்குத் திரும்புங்கள். மீசை ஆலா இந்த வருடம் பத்து நாள் தாமதமாக வந்தது. ஏன்? வடக்கே கூடு கட்டிய இடத்தில் ஏதாவது ஆகியிருக்கலாம். வழியில் நல்ல ஏரி கிடைத்துத் தங்கியிருக்கலாம். உங்கள் ஏரிக்குப் புரட்டாசி மழை பொய்த்திருக்கலாம். நீங்களே ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம். நான் கேள்விகளை இந்த வரிசையில் தலைகீழாகக் கேட்கிறேன். முதலில் நான் போனேனா, அடுத்து தண்ணீர் இருந்ததா, அடுத்து ஏரியில் புதிதாக ஏதாவது நடந்ததா: குப்பை கொட்டினார்களா, கரை ஓரம் மனை போட்டார்களா, தொழிற்சாலைக் கழிவு கலந்ததா? இந்த மூன்றும் விடை சொல்லாதபோதுதான் தூரத்துக் காரணத்தைப் பற்றி யோசிக்கிறேன். அதுவும் பக்கத்து ஏரிக்காரர்களின் குறிப்பிலும் அதே தாமதம் தெரிந்தால்தான். ஒத்த மட்டத் தண்ணீர் இருந்த வருடங்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும். ஐந்தாறு வருடத்துக்குக் குறைந்த குறிப்பை வைத்து நான் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை.

வருடத்தில் ஒரு முறையாவது கடலையும் பார்த்துவிட்டு வாருங்கள். காட்பாடியில் விடிகாலை ரயில் ஏறினால் சென்னை. அங்கிருந்து பழவேற்காடு ஒரு நாள் பயணம், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கடற்காகமும் பலவகை ஆலாவும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஏரியில் ஒற்றையாகப் பார்த்துக் குழம்பியதை அங்கே நூறாகப் பார்த்தால் ஒரே நாளில் கண்ணில் பதிந்துவிடும். திரும்ப நம் ஏரிக்கு வரும்போது தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

ஏப்ரலில் வெயில் ஏறிவிடும். ஏழு மணிக்கே கரையில் நிற்க முடியாது, தண்ணீர் மதகுக்குக் கீழே போய் நடுவில் குட்டையாகக் கிடக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கடைசி மீசை ஆலாவைப் பார்த்த பிறகும் இன்னும் மூன்று வாரம் போக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் காய்ந்த ஏரிக்குள் மாடு மேய்ந்துகொண்டிருக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதே இடத்தில் நின்று, முப்பது நிமிடம் பார்த்து, தேதி போட்டு, தண்ணீர் இல்லை, ஆலா 0 என்று எழுதிவிட்டு, வழியில் ஒரு பதநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.